ஏழாம் கதவு

எழுபத்தெட்டுச் சூறாவளியில் எங்கள் கிட்டங்கியின் கூரைத் தகரம் முழுவதும் கழன்று வாவிக்கு மேலால் பறந்து போனதை நான் நின்று பார்த்தேன். கடல் எழும்பி வந்த நாளில், கல்லடியில் ஒரு மீன்வள்ளம் மதிலுக்கு மேல் ஏறிக் குந்தியிருந்ததையும் பார்த்தேன். இரண்டு தடவையும் மறுநாள் வேலை தேடிப் போய்விட்டேன். ஆனால் போன வருடம் வைகாசியில், ஒரு புதன்கிழமை காலை, காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசின் கந்தோரில் ஒன்பது கதவுக்காரரும் ஒன்றாக நின்றதைப் பார்த்தபோது நான் கதிரையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

கதவுக்காரர் என்றால் எங்கள் கிட்டங்கியில் குடியிருப்பவர்கள். புளியந்தீவில் வாவிக் கரையோடு கிடக்கும் பழைய நெல் கிட்டங்கி அது. சுவர் இரண்டு முழத் தடிப்பு. வாலிபத்தில் நான் அங்கே நாட்டாமை. உன்னிச்சைப் பக்கத்து வயல் வட்டைகளிலிருந்து லொறியில் வரும் நெல் மூட்டையை முதுகில் இறக்கி உள்ளே அடுக்குவதுதான் வேலை. சூறாவளிக்குப் பிறகு முதலாளிக்கு நெல் யாவாரம் படுத்துவிட்டது. அவர் புதுத் தகரம் போட்டு, உள்ளே குறுக்குச் சுவர் கட்டி, ஒன்பது கதவு வைத்து, வீடில்லாமல் நின்ற குடும்பங்களுக்கு மலிந்த வாடகைக்குக் கொடுத்தார். கதவுக்கு மேலே தாரில் இலக்கம் எழுதினார்கள். எனக்குக் கிடைத்தது ஏழு.

எங்கள் பக்கத்து முறைப்படி ஆம்பிளை கல்யாணம் முடித்துப் பெண்சாதியின் வீட்டுக்குப் போகவேண்டும். வீடு பெண்ணுக்கு. தாய் தகப்பன் அதை அவள் பேரில் உறுதி, அதாவது வீட்டுப் பத்திரம், எழுதி வைத்துவிட்டுத்தான் மாப்பிள்ளையைக் கூப்பிடுவார்கள். என் பெண்சாதி தங்கப்பிள்ளைக்கு எழுதின வீட்டைச் சூறாவளி கொண்டுபோனது. ஆகவே நாங்கள் வாடகைக் கதவுக்குள் வாழ்ந்தோம். அதை நான் ஒரு நாளும் வீடு என்று சொன்னதில்லை. முந்நூறு மூட்டை அடுக்கின இடம் எப்படி வீடாகும்? செருப்போடுதான் உள்ளே போவேன், அடுப்படி வரைக்கும். தங்கப்பிள்ளை சாகும்வரை அதற்காக என்னோடு சண்டை பிடித்தாள்.

"வெக்கமில்லையா உங்களுக்கு? செருப்பக் கழட்டுங்க" என்பாள்.

"வீட்டக் காட்டு, கழட்டுறன்" என்பேன்.

மகள் வதனி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. இருபத்தெட்டு வயது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் போட்டோக் கொப்பி அடிக்கிறாள், எழுதத் தெரியாதவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறாள்.

முதலாளி செத்த பிறகு, கனடாவில் இருக்கிற அவருடைய மகன் கிட்டங்கியை விற்கப் போவதாகச் சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்பினான். கொழும்பு ஹொட்டல்காரர் ஒருவர் கேட்கிறாராம், வாவியைப் பார்த்தபடி அறை கட்ட. அந்தக் கடிதம் வந்த கிழமையே மேர்லின் வந்தாள். ஒரு வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் ஆள் அவள். மெதடிஸ்தக் குடும்பத்துப் பிள்ளை. ஸ்கூட்டியைப் பூவரச மரத்தில் சாத்திவிட்டு, எல்லாரையும் மரத்தடிக்குக் கூப்பிட்டு, "இந்தக் கட்டிடத்த நீங்களே வாங்கலாம்" என்றாள்.

ஒருத்தரும் சிரிக்கக்கூட இல்லை. முதலாம் கதவுப் பீற்றிஸ், இடியப்பம் அவித்து விற்கிறவள், அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். ஐந்தாம் கதவில் தையல் மெசின் வைத்திருக்கிற றுமைஸாதான் வாய் திறந்தாள்.

"விடிஞ்சா ஒரு தண்ணிக் குழாயப் பங்கு வைக்க ஏலாம அடிபடுற ஆக்கள் நாங்க. கட்டிடத்த எப்பிடிப் பங்கு வைக்கிற?"

"பங்கு வைக்கிறல்ல ராத்தா. பங்கு வைக்காமயே வாங்கிற."

பிறகு விளக்கிச் சொன்னாள். இத்தனை வருடம் வாடகை கட்டி இருந்தவர்களை நினைத்தவுடன் கிளப்பச் சட்டத்தில் இடமில்லை. வழக்குப் போட்டால் வருடக்கணக்கில் இழுக்கும். ஹொட்டல்காரருக்கு வேண்டியது ஆளில்லாத கட்டிடம். கனடாக்காரனுக்கு வேண்டியது கையில் காசு. ஒன்பது பேரும் அசையாமல் நின்றால், அவன் விலையைக் குறைத்து எங்களுக்கே தருவான். சங்கம் வங்கியில் கடன் எடுத்து வாங்கும். நாங்கள் வாடகையை விடக் கொஞ்சம் கூட்டி மாதாமாதம் கட்டவேண்டும். ஆனால் ஒன்பதும் வேண்டும். ஒரு கதவு சாவியைக் கொடுத்துவிட்டால் ஹொட்டல்காரர் அதற்குள் பூந்து, மற்ற எட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுவார்.

"பிள்ளை," என்றேன். "கடல் வந்த நேரம் மூண்டு லிஸ்டில கையெழுத்து வெச்சனான். வீடு தாறம் எண்டாங்க. கடைசியில ஒரு பிளாஸ்டிக் வாளி தந்தாங்க. அதுக்கும் மூடி இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். மேர்லினும் சிரித்தாள். "என்ன நம்ப வேணாம் ஐயா. எழுதிக் கொண்டு வாறன், வாசிச்சுப் பாருங்க. பிழை இரிந்தாச் சொல்லுங்க."

நம்பு என்று சொல்கிறவனை எனக்குக் கையாளத் தெரியும். நம்ப வேணாம் என்கிறவளை எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்று தெரியவில்லை.

வெளியில் அப்படிக் கதைத்தேன் தவிர, உள்ளுக்குள் ஒரு ஆசை புகுந்துவிட்டது. அதனால் ஒரு பிழை விட்டேன்.

வதனிக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பனிச்சங்கேணிப் பொடியன் லக்ஷன், போட் இஞ்சின் திருத்துகிறவன். ஏதோ விண்ணப்பம் நிரப்பக் கடைக்கு வந்து, நிரப்பி முடித்த பிறகும் வந்துகொண்டேயிருந்தானாம். அவனுடைய தாய் கண்ணகை ஒரு நாள் எங்களிடம் வந்தாள். மெலிந்த மனுஷி, அதிகம் கதைக்கமாட்டாள்.

"புள்ளையப் பிடிச்சிரிக்கு அண்ணன்," என்றாள். "வீடு?"

நான் யோசிக்கவேயில்லை. "இந்தா, இந்தக் கதவுதான். வைகாசியோட இது வதனிட பேர்ல உறுதி."

மேர்லின் இன்னும் ஒரு எழுத்துக்கூட எழுதிக்கொண்டு வரவில்லை. மூன்று லிஸ்டைக் குறை சொன்ன அதே வாயால் நான் சொன்ன கதை இது.

சித்திரை முடிய மேர்லின் கடுதாசியோடு வந்தாள். ஒன்பது கதவுக்கும் ஒன்பது கொப்பி. கொப்பி அடித்தவள் வதனி. மரத்தடியில் நின்று மேர்லின் ஒவ்வொன்றாக வாசித்தாள். கட்டிடம் ஒன்பது குடும்பத்துக்கும் சேர்த்து, சங்கத்தின் பேரில் இருக்கும். கதவுக்காரர் சாகும்வரை இருக்கலாம், பிறகு அவர் சொல்லும் பிள்ளை இருக்கலாம். விலகிப் போகிறவருக்கு அவர் கட்டின பங்கு திரும்பக் கிடைக்கும், அந்தக் கதவுக்கு வீடில்லாத வேறொரு குடும்பம் அதே மாதக் காசுக்கு வரும். எல்லாம் நல்லதாகத்தான் கேட்டது. பதினோராவதையும் அதே குரலில் வாசித்தாள்.

"எந்தக் கதவையும் விற்கவோ, ஈடு வைக்கவோ, சீதனமாக எழுதவோ முடியாது."

பெண்பிள்ளை வைத்திருக்கிற நாலு தகப்பன்மாரும் எழும்பினோம். எனக்குத்தான் சத்தம் கூட.

"சீதனமா எழுத ஏலாத வீடு என்ன வீடு? எனக்குத் தெரியும் பிள்ளை, இதுக்குள்ள ஒரு வாளி இரிக்கும் எண்டு!"

"கதவு உங்கட மகளுக்குத்தான் ஐயா. உங்களுக்குப் பிறகு அவதான் இரிப்பா. அத அவட பேர்ல உறுதியா எழுதி மாப்பிள்ளை வீட்டுக்குக் குடுக்கத்தான் ஏலா."

"உறுதி இல்லாம எந்த மாப்பிள்ளை வருவான்?"

"ஏன் இளையதம்பி," என்றாள் பீற்றிஸ், "உன்ட மாப்பிள்ளை புள்ளைக்குத் தாலி கட்டப் போறானா, கடுதாசிக்குக் கட்டப் போறானா?"

மரத்தடியே சிரித்தது. நான் உள்ளே போய்க் கதவை அடித்துச் சாத்தினேன். வதனி கொப்பிக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியிலேயே நின்றாள். 

ஒரு கிழமைக்குள் மற்ற எட்டுக் கதவும் முணுமுணுத்து, சண்டை பிடித்து, கடைசியில் சம்மதித்துவிட்டன. ஏழு மட்டும் மிச்சம். கனடாக்காரனின் சட்டத்தரணி அடுத்து வரும் புதன்கிழமையைக் கடைசி நாளாக வைத்தார்.

வெள்ளிக்கிழமை தரகர் பிறின்ஸ் மோட்டார் சைக்கிளில் வந்தான். வெள்ளைச் சேட்டு, நல்ல சிரிப்பு.

"ஐயா, உங்களுக்கு மகளுக்கு ஒரு வீடுதானே வேணும்? உன்னிச்சையில பதினஞ்சு பேர்ச் வளவோட கல்வீடு ஒண்டு இரிக்கு. கிணறு இரிக்கு. வதனிட பேர்ல உறுதி எழுதித் தாறம். ஹொட்டல் முதலாளிட செலவு. நீங்க செவ்வாய்க்கிழமை சாவியத் தந்தாப் போதும்."

"மற்ற எட்டுக் கதவும்?"

"அவங்கள நாங்க பாத்துக்குவம்."

உறுதியின் கொப்பியைக் கையில் தந்துவிட்டுப் போனான். சனிக்கிழமை நான் ஒருத்தருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி உன்னிச்சைக்குப் போனேன். பொய்யாயிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். வீடு உண்மைதான். ஓடு போட்ட வீடு. கிணற்றில் கல்லைப் போட்டுப் பார்த்தேன், தண்ணீர் இருந்தது. வாசலில் இரண்டு தென்னை. அங்கே நின்றபோது முதலில் நினைவுக்கு வந்தது தங்கப்பிள்ளை. வீட்டைக் காட்டு என்று அவளிடம் கேட்டவன் நான். இதோ வீடு.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பீற்றிஸின் இடியப்பத் தட்டு நினைவுக்கு வந்தது. அறுபத்தெட்டு வயதில் அவள் அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? யோசித்தேன். யோசித்துவிட்டு, என் பிள்ளைதான் எனக்கு முதல் என்று முடிவு செய்தேன். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. செவ்வாய்க்கிழமை சாவியைக் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கண்ணகை வந்தாள், வீடு பார்க்க. மாப்பிள்ளையின் தாய் வந்து சுவரைத் தட்டி, அடுப்படியைப் பார்த்து, உறுதியைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் நாள் வைப்பார்கள். அவள் வாசலில் நின்று செருப்பைக் கழற்றினாள்.

"வேணாம் தங்கச்சி, இது கிட்டங்கிதானே. போட்டிட்டு வாங்க" என்றேன்.

அவள் கேட்காதவள்போல வெறுங்காலோடு உள்ளே வந்தாள். நான் செருப்போடு பின்னால் போனேன்.

சுவரை முட்டியால் தட்டினாள். சத்தம் வரவில்லை, அவ்வளவு தடிப்பு. கூரையைப் பார்த்தாள். பின் யன்னலால் வாவியைப் பார்த்தாள். அங்கே ஒருவன் தோணியில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தான். பிறகு பாயில் உட்கார்ந்து, "உறுதி?" என்றாள்.

உன்னிச்சை உறுதியின் கொப்பி என் சாரத்து மடிக்குள் இருந்தது. கையை உள்ளே விட்டேன். அப்போதுதான் வதனி தேத்தண்ணியோடு வந்தாள். கோப்பையைக் கண்ணகைக்கு முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமி, ஒரு கதை சொல்லோணும். இந்தக் கதவ எனக்குச் சீதனமா எழுத ஏலா."

"என்னகா சொல்றாய்?"

"எழுத ஏலா. விக்க ஏலா. ஈடு வைக்க ஏலா. நான் இரிக்கலாம், எனக்குப் பிறகு என்ட புள்ளை இரிக்கலாம். அவ்வளவுதான்."

"வதனி, உள்ள போ!" என்றேன். "தங்கச்சி, அது அந்தச் சங்கக்காரப் பெட்டை எழுதின விசர்ச் சட்டம். வேற வீடு ஒண்டு..."

"அது மேர்லின் அக்கா எழுதினல்ல அப்பா," வதனி என்னைப் பார்க்காமலே சொன்னாள். "பதினோராவத எழுதச் சொன்னது நான்."

மடிக்குள் விட்ட கையை வெறுமையாக வெளியே எடுத்தேன்.

"கடையில நான் அடிக்கிற கொப்பியில பாதி, வீட்டு உறுதிதான் அப்பா. பொம்பிளப் புள்ளையளுக்குத் தாய் தகப்பன் எழுதிக் குடுத்த உறுதி. கொண்டு வாறது புருசன்மார். ஈடு வைக்க, விக்க. ஒருநாள் ஒரு மனிசன் கொண்டு வந்தான். பெண்சாதி வெளியில நிண்டா. கொப்பி அடிச்சு முடியிற வரைக்கும் அவ ரோட்டப் பாத்துக் கொண்டு நிண்டா. உள்ள வந்து கையெழுத்து வைக்கச் சொன்னான். வந்து வெச்சா. பேனய என்ட கையில தந்திட்டு, 'நல்லாருங்க' எண்டு சொல்லிற்றுப் போனா. எனக்கு எண்டு ஒரு வீடு கிடைச்சா அப்பிடி நிக்கப் போறல்ல எண்டு அண்டைக்கே நினைச்சன்." கோப்பையை ஒரு விரலால் தள்ளினாள். "இதச் சீதனமா எழுதலாம் எண்டு விட்டா, பத்து வருசத்தில ஒன்பது கதவும் ஒன்பது மாப்பிள்ளைமார்ட கையில. மறுகா அந்த ஹொட்டல்காரன்ட கையில."

கண்ணகை தேத்தண்ணியைத் தொடவில்லை.  சம்பந்தம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

"என்ட மகன் கேட்டா?" என்றாள்.

"ஏலா மாமி."

"கெஞ்சிக் கேட்டா?"

"ஏலா."

"அடிச்சுக் கேட்டா?"

பெற்ற மகனைப் பற்றி ஒரு தாய் இப்படிக் கேட்பாள் என்று நான் நினைக்கவேயில்லை. வதனி கொஞ்சமும் அசையவில்லை. "அடிச்சாலும் ஏலா மாமி. நான் கையெழுத்து வெச்சாலும் செல்லாது. அப்பிடித்தான் எழுதியிரிக்கு."

கண்ணகை தன் இடது மணிக்கட்டை வலது கையால் தடவினாள். எலும்பு ஒரு பக்கம் கொஞ்சம் பிதுங்கியிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

"எனக்கும் வீடு தந்தவங்கதான் அண்ணன். பனிச்சங்கேணியில, ரெண்டு அறை, கிணறு. என்ட உம்மா பன்பாய் இழைச்சு வித்துக் கட்டின வீடு" என்று தொடங்கியவள், சட்டென்று நிறுத்தித் தானே சிரித்தாள். "உம்மா எண்டு சொல்லிற்றன். பக்கத்து வீட்டு முஸ்லிம் ஆக்களோட கதைச்சுக் கதைச்சுப் பழகின வாய். என்ட அம்மா. லக்ஷனுக்கு அப்ப ஆறு வயசு. இவன்ட தகப்பன், இஞ்சின் போட் எடுக்கப் போறன், உறுதியில கையெழுத்து வை எண்டார். வைக்கல்ல. மூண்டு நாள் வைக்கல்ல. நாலாம் நாள் வெச்சன்."

அந்த மூன்று நாளில் என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை. மணிக்கட்டைப் பிடித்த கை மட்டும் விடவில்லை.

"போட்டும் இல்ல, வீடும் இல்ல. இப்ப என்ட தம்பிட வளவில ஒரு கொட்டில்." பிறகு வதனியைப் பார்த்தாள். "அண்டைக்கு இப்பிடி ஒரு கடுதாசி இரிந்திருந்தா அந்த மனிசன் எனக்கு என்னத்துக்கு அடிக்கப் போறான் புள்ள? அடிச்சும் பிரயோசனம் இல்லையே."

எழும்பிப் போய் உள்ளங்கை முழுவதையும் சுவரில் வைத்தாள். கோயில் தூணில் வைப்பதுபோல வைத்து, அப்படியே நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"இந்த வீடுதான் அண்ணன்," என்றாள், திரும்பாமலே. "வேற வீடு காட்டாதிங்க. ஆவணியில நாள் வைப்பம்."

நாற்பத்தைந்து வருடம் அந்தச் சுவருக்குள் படுத்து எழும்பினவன் நான். மூட்டையால் இடித்துச் சாந்து பெயர்த்திருக்கிறேன், வெற்றிலை துப்பியிருக்கிறேன். அது எவ்வளவு தடிப்பு என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். என் மகளையும் அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். குழந்தையில் யன்னல் விளிம்பில் தூக்கி வைத்தால் இறங்கத் தெரியாமல் அழுதவள். நாங்கள் எல்லாரும் வீட்டைப் பெண் பேரில் எழுதிவிட்டு, கடமை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு போகிறோம். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று போட்டோக் கொப்பி மெசினுக்குப் பின்னால் நின்று இவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பார்த்ததை ஒரு வரியில் எழுதி, எங்கள் எல்லாருக்கும் கொப்பியும் அடித்துத் தந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை பிறின்ஸைத் தேடிப் போய்க் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஏன் ஐயா? வீடு பிடிக்கல்லையா?"

"நல்ல வீடு மகன். ஆனா அத விக்கலாம்."

"அது நல்லம்தானே!"

"அதுதான் பிழை."

அவன் சிரிப்பு முதல் தடவையாக நின்றது. 

புதன்கிழமை காலை பீற்றிஸுக்குக் காய்ச்சல். இரண்டு பேர் தோளில் பிடித்து ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். றுமைஸா அரைவாசி தைத்த சட்டையின் நூல் தோளில் ஒட்டியிருக்க வந்தாள். மூன்றாம் கதவு நிருஷா கைக்குழந்தையோடு. நொத்தாரிசின் கந்தோர் எங்கள் அடுப்படி அளவுதான். மின்விசிறி கடகடவென்று சுற்றியது. கதவுக்கு ஒருவர் பேர் சொல்லவேண்டும் என்றார் நொத்தாரிசு. ஒருத்தரோடு ஒருத்தர் கதைத்து வைத்ததில்லை, மேர்லினும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆனால் முதலாம் கதவிலிருந்து ஆறாம் கதவு வரைக்கும் வந்ததெல்லாம் பெண் பேர்.

நொத்தாரிசு கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "ஆம்பிளையள் இல்லையா உங்கட கட்டிடத்தில?"

"வெளியில நிக்கிறாங்க ஐயா," என்றாள் பீற்றிஸ், காய்ச்சலோடேயே. "ஓட்டோக்குக் காவல்."

"ஏழாம் கதவு?"

மேர்லின் என்னைப் பார்த்தாள்.  பாவம், ஐந்து மாதமாக எங்களுக்குப் பின்னால் அலைந்தவள், இந்தக் கிழவன் என்ன செய்வான் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

"கடுதாசிய மகள் முழுக்க வாசிச்சுக் காட்டினவள்," என்றேன். "ஒரு பிழை இரிக்கு பிள்ளை."

 றுமைஸா "யா அல்லாஹ்" என்று வாய்க்குள் சொன்னாள்.

"என்ன பிழை ஐயா?" மேர்லின் தன் கொப்பியைப் புரட்டினாள்.

"பதினோராவத முதலாவதாப் போட்டிரிக்கோணும்."

பீற்றிஸ் என் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டாள். காய்ச்சல்காரி அடித்த அடி இல்லை அது. நான் மூட்டைக் கணக்குப் புத்தகத்தில் வைத்த அதே கையெழுத்தை, வாடகை உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்ற இடத்தில் வைத்தேன். அதற்குக் கீழே வதனி தன் பேரை எழுதினாள்.

எட்டும் ஒன்பதும் முடிந்த பிறகு நொத்தாரிசு எழும்பி நின்று எல்லையை வாசித்தார். வடக்கே ஒழுங்கை. மேற்கே வீதி. தெற்கே மாதா கோயில் காணி. கிழக்கே வாவி. "இதற்குள் அடங்கிய நிலமும், கட்டிடமும், கிணறும், மரங்களும்" என்று வாசித்தார்.

கிழக்கே வாவி. அந்த வாவியைக் காலையும் மாலையும் பார்த்தவன் நான், முகம் கழுவினவன், சாம்பல் கொட்டினவன். எங்கள் கடுதாசி தண்ணீர் தொடங்குகிற இடம்வரைக்கும் போய் நிற்கிறது என்று கேட்டபோதுதான் பக்கத்துக் கதிரையைப் பிடித்தேன். இடியப்ப ஆவியில் வெந்த விரலும், ஊசி குத்தின விரலும், குழந்தையின் எச்சில் பட்ட விரலும் மேசையில் வரிசையாகக் கிடந்தன. இந்த விரல்களுக்கு முன்னால் கொழும்பு முதலாளியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மூட்டை தூக்குகிறவனுக்கு ஒரு பாரத்தைப் பார்த்தவுடன் எத்தனை பேர் வேண்டும் என்று தெரியும். இதைத் தூக்க முடியாது என்றுதான் நான் முதல் நாளே கணக்குப் போட்டேன். என் கணக்குப் பிழைத்ததைக் கதிரையைப் பிடித்தபடி நின்று பார்த்தேன். சந்தோசம் என்று சொல்ல வரவில்லை. பயம் மாதிரி ஒன்று, ஆனால் பயம் இல்லை.

நாங்கள் திரும்பி வர மத்தியானமாகிவிட்டது. ஓட்டோவால் இறங்கின கையோடு குழாயடியில் சண்டை தொடங்கிவிட்டது.

"நான் விடியவே வாளி வெச்சிட்டுத்தான் போனனான்!" இது றுமைஸா.

"வாளி வெச்சாக் குழாய் உன்டதா? கடுதாசியக் காட்டு!" இது காய்ச்சல்காரி.

"கடுதாசியில நானும்தான் இரிக்கன்!"

மேர்லின் ஸ்கூட்டியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அவர்களைக் கடந்து, தாரில் ஏழு என்று எழுதின கதவடிக்குப் போனேன். வதனி எனக்கு முன்னாலேயே உள்ளே போய் யன்னலைத் திறந்துவிட்டிருந்தாள். வாவிக் காற்று வாசல் வரைக்கும் வந்தது.

"என்னப்பா வெயிலுக்குள்ள நிக்கிறீங்க? வாங்களன் உள்ள."

"வாறன்" என்றேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, செருப்பைக் கழற்றி, கண்ணகை வைத்த அதே இடத்தில் வைத்தேன். உள்ளே சீமெந்து குளிர்ந்து கிடந்தது.